பிள்ளையின் அடமும் ஆத்திரமும்: பிறவிக் குணமா, வளர்ப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அப்படியே அப்பனோட முரட்டுக் குணம்." "செல்லம் கொடுத்தே கெடுத்துட்டா." அடங்காத பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த இரண்டில் ஒன்றாவது காதில் விழாமல் இருக்காது. முதல் பேச்சு பழியை ரத்தத்தின் மேல் போடுகிறது. இரண்டாவது, பெரும்பாலும் தாயின் தலையில் போடுகிறது. அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகள் இரண்டையும் ஏற்கவில்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு அந்த ஆய்வுகளை வைத்து இங்கே பதில் சொல்கிறோம்.

மூன்று வயதுப் பிள்ளை எல்லோரையும் அடிக்கிறான், கடிக்கிறான். இது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் 2 முதல் 4 வயதுக்குள்தான் உச்சத்தில் இருக்கும். கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே குழுவினர் பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே தொடர்ந்து கவனித்துக் கண்டது இது. கை நீட்டுவதற்கு எந்தப் பிள்ளைக்கும் பாடம் தேவைப்படுவதில்லை. நீட்டாமல் அடக்கிக்கொள்ளத்தான் பழக வேண்டியிருக்கிறது. பேச்சு வளர வளரக் கை ஓயும். அதனால் பேச்சு தாமதமான பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக அடிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள்.

மருத்துவர்கள் பார்ப்பது எண்ணிக்கை, காலம், இடம் மூன்றையும். ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவு–மிகைத்துடிப்புக் கோளாறு என்று சொல்ல, கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளில் 6, அல்லது துடிப்புக்கான 9 அறிகுறிகளில் 6, ஆறு மாதமாவது இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். எதிர்த்து நிற்கும் கோளாறுக்கு 8 அறிகுறிகளில் 4, ஆறு மாதம். திருட்டு, கொடுமைப்படுத்துதல், பொருளை உடைத்தல் என்று போகும் நடத்தைக் கோளாறுக்கு 15 அறிகுறிகளில் 3, ஒரு வருடத்துக்குள். வீட்டில் மட்டும் ஆட்டம், பள்ளியில் சாது என்றால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். விசாரணை போகும் திசையே அதனால் மாறும்.

பரம்பரையின் பங்கு எவ்வளவு? அதை எப்படி அளக்கிறார்கள்?

இரட்டையரை வைத்து. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு டி.என்.ஏ. ஏறக்குறைய முழுக்க ஒன்றே. இரண்டு கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு, மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறார்கள். எனவே முதல் வகையினர் ஒரு குணத்தில் எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறார்களோ, அந்தக் கூடுதலை இரண்டால் பெருக்கினால் மரபின் பங்கு தோராயமாகக் கிடைக்கும். ஒத்திசைவு (1 என்றால் முழு ஒற்றுமை) முதல் வகையில் 0.80, இரண்டாம் வகையில் 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.35, மரபின் பங்கு 70 சதவீதம்.

இந்த வழியில் ஏடிஹெச்டிக்கு 74 சதவீதம் அளவில் வருகிறது. நடத்தைக் கோளாறு, சமூக விரோதப் போக்கு ஆகியவற்றுக்குச் சுமார் பாதி.

அப்படியானால் என் மகனின் துடிப்பில் 74 சதவீதம் பரம்பரை, மீதி 26தான் எங்கள் கையில் என்று அர்த்தமா?

இல்லை. இந்தத் தலைப்பில் ஆளுக்கு ஆள் தவறிப்போகும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

அந்த எண் ஒரு தனிப்பிள்ளையைப் பற்றியதே அல்ல. ஒரு கூட்டத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபு வித்தியாசத்தோடு சேர்ந்து வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. கிட்டப்பார்வையை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டையர் ஆய்வுகளில் அதற்கும் மரபின் பங்கு மிக அதிகம். ஆனாலும் சிங்கப்பூர், தைவான் போன்ற இடங்களில் இரண்டு தலைமுறைக்குள் கண்ணாடி போடும் பிள்ளைகள் பல மடங்கு பெருகிவிட்டார்கள். அதற்குள் மரபணு மாறிவிடவில்லை. வெயில் வெளிச்சத்தில் விளையாடும் நேரம் குறைந்தது, கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் வேலை கூடியது. அதே ஊரில் யாருக்குக் கூடுதல் பவர், யாருக்குக் குறைவு என்பதை மட்டும் மரபு பெரிதும் தீர்மானித்துக்கொண்டே இருந்தது. பங்கு பெரிதாக இருப்பது வேறு, மாற்ற முடியாமல் இருப்பது வேறு.

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் கொடுக்கும் மரபணுவும் பெற்றோர் அமைக்கும் வீடும் சேர்ந்தே வருகின்றன. 2018இல் ஐஸ்லாந்தில் அகஸ்டின் காங் குழு, பெற்றோரிடம் இருந்தாலும் பிள்ளைக்குப் போய்ச்சேராத மரபணுக்களை மட்டும் பிரித்துப் பார்த்தது. அவையும் பிள்ளையின் படிப்போடு தொடர்பு காட்டின. கடத்தப்பட்ட மரபணுக்களின் விளைவில் ஏறக்குறைய 30 சதவீதம். பிள்ளையின் உடம்பில் இல்லாத மரபணு, அப்பா அம்மா நடந்துகொள்ளும் விதம் வழியாகப் பிள்ளையைத் தொட்டிருக்கிறது. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பதில் நூல் எது, நெசவு எது என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

எந்த மரபணு என்று ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாமா?

கோபத்துக்கோ துடிப்புக்கோ என்று தனி மரபணு கிடையாது. 2019இல் ஏடிஹெச்டி உள்ள 20,000க்கும் மேற்பட்டவர்களை ஒப்பிட்டு, தொடர்புள்ள 12 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டார்கள். 2023இல் அது 27 ஆனது. ஒவ்வொன்றின் விளைவும் கடுகளவு. ஆயிரக்கணக்கான இப்படிப்பட்ட கடுகுகள் சேர்ந்துதான் ஒருவருக்குச் சாய்வு வருகிறது.

எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணுவை "வன்முறை மரபணு" என்று பத்திரிகைகள் எழுதின. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்விலிருந்து 2002இல் வெளியான முடிவு அதற்குக் காரணம். அதை முழுக்க வாசித்தால் செய்தி வேறு: அந்த மரபணு வகை இருந்தும், சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகாதவர்களிடம் வன்முறைப் போக்கு கூடவில்லை. இப்படி ஒற்றை மரபணுவைத் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வுகளில் பல, பெரிய எண்ணிக்கையில் திரும்பச் செய்தபோது நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஆகவே "உங்கள் குழந்தையின் குணத்தை டி.என்.ஏ.வில் சொல்கிறோம்" என்று விற்கப்படும் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வளர்ச்சித் தாமதம், அறிவுத்திறன் குறைவு, வலிப்பு, முகத்திலோ உறுப்புகளிலோ பிறவி மாற்றம் ஆகியவை கூடவே இருந்தால் கதை வேறு. அப்போது குரோமோசோம் மைக்ரோஅரே, ஃப்ரஜைல் எக்ஸ் போன்ற பரிசோதனைகளை மருத்துவரே எழுதுவார்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

தாய்மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்தவர்களின் பிள்ளைக்கு, ஒரே மூதாதையரின் மரபணு இருபுறமும் இருந்து வந்து சேரும் வாய்ப்பு 16இல் 1. தாய்மாமனையே மணந்தால் 8இல் 1. இதனால் கூடுவது ஒற்றை மரபணுக் குறைபாடுகள்: பிறவிக் காது கேளாமை, சில வளர்சிதை மாற்ற நோய்கள், அறிவுத்திறன் குறைபாடு. அவற்றின் பக்கவிளைவாக ஆத்திரமும் அடமும் வரலாம். வளர்ச்சியெல்லாம் சரியாக இருந்து, அடம் மட்டும் இருக்கும் பிள்ளைக்குச் சொந்தத் திருமணத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

கர்ப்பகாலத்தில் நடந்தது காரணமாகுமா?

மது நேரடியாகச் சிசுவின் மூளையைத் தாக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. குறைமாதப் பிரசவமும், மிகக் குறைந்த பிறப்பு எடையும் கவனக்குறைவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

புகையில் ஒரு திருப்பம் உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது புகைத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் முரட்டு நடத்தை கூடுதலாகத் தெரிந்தது. புகையாலா, தாயின் மரபாலா? சோதனைக் குழாய் முறையில் பிறந்த பிள்ளைகளைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2009இல் ஒப்பிட்டார்கள். சில தாய்மார் தங்கள் சொந்தக் கருமுட்டையைச் சுமந்தவர்கள், சிலர் தானமாகப் பெற்றதைச் சுமந்தவர்கள். எடை குறைவு இரு பக்கமும் இருந்தது. அது புகையின் வேலை. முரட்டு நடத்தையின் தொடர்போ சொந்தக் கருமுட்டைப் பக்கத்தில் மட்டுமே தெரிந்தது. அங்கே மரபு பேசுகிறது. சிசுவின் எடைக்காகவே புகையை விட்டுவிட வேண்டும், அதில் மாற்றமில்லை.

ஈயம் பற்றிக் கேள்விப்படுகிறோம். நம் வீட்டில் ஈயம் எங்கே இருக்கிறது?

சுற்றுச்சூழல் காரணிகளில் இவ்வளவு உறுதியாக நிரூபிக்கப்பட்டவை சிலவே. நம் வீடுகளில் இவ்வளவு அசட்டையாக விடப்படுவதும் இதுதான். ரத்தத்தில் கொஞ்சமாக ஏறினாலும் கவனமும் பொறுமையும் குறையும். பாதுகாப்பான அளவு இல்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் தன் எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 5ஐத் தொட்டாலே காரணத்தைத் தேடச் சொல்கிறது.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. வீட்டு பெயின்ட்டில் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில் வந்தது. ஆக, அதற்கு முன் அடித்த பெயின்ட் உரியும் ஜன்னல், கதவு, கட்டில் முதல் சந்தேகம். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். சுரண்டித் தேய்க்காதீர்கள், தூசி பறந்து இன்னும் மோசமாகும். ஈரத்துணியால் துடைத்து, மேலே புது பெயின்ட்டால் மூடுங்கள். பழைய பேட்டரி உடைக்கும் இடம் பக்கத்தில் இருந்தாலோ, வீட்டில் யாராவது அந்த வேலை பார்த்தாலோ, வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. பளீர் மஞ்சளாக உதிரியாக விற்கும் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் சேர்ப்பதுண்டு; விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

ஈயச் சொம்பு ரசத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்தச் சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. விலை குறைக்கக் காரீயம் கலந்துவிட்டால், புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. எங்கே வாங்கியது, என்ன கலவை என்று தெரியாத சொம்பைச் சாமான் அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு எவர்சில்வரில் ரசம் வையுங்கள்.

இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ரத்தசோகையே எரிச்சலையும் கவனச்சிதறலையும் தரும். எனவே ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனிப்பு தின்றால் ஆட்டம் போடுகிறானே? செல்போனும் காரணமா?

சர்க்கரை துடிப்பைக் கூட்டுவதில்லை என்று கட்டுப்பாடான சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 1994இல் ஒரு சோதனை: 5 முதல் 7 வயதுப் பையன்கள் எல்லோருக்கும் சர்க்கரையில்லாத இனிப்பூட்டிதான் கொடுத்தார்கள். பாதித் தாய்மாரிடம் மட்டும் "சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்தத் தாய்மார் பிள்ளை அதிகம் துடிப்பதாகச் சொன்னதோடு, பிள்ளையை ஒட்டியே நின்று கூடுதலாகக் குறையும் சொன்னார்கள். செயற்கை நிறம் வேறு விஷயம். 2007இல் சௌத்தாம்ப்டன் ஆய்வில் சில நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானம் சில பிள்ளைகளின் துடிப்பைச் சற்றே கூட்டியது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆறு நிறங்களுக்கும் எச்சரிக்கை வாசகம் கட்டாயம்.

செல்போனில் முதலில் பார்க்க வேண்டியது அது தின்னும் தூக்கத்தை. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். வாயைத் திறந்து குறட்டை விடும் பிள்ளைக்கு டான்சில், அடினாய்டு பெருத்திருக்கலாம். தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்துபோவார். தூக்கம் கெட்ட பிள்ளை துள்ளும்.

ஒரே வீடு, ஒரே சோறு. அண்ணன் சாது, தம்பி மட்டும் ஏன் இப்படி?

உடன்பிறந்தவர்களுக்கு மரபில் பாதிதான் பொது. வீடும் இருவருக்கும் ஒன்றல்ல. சாதுவான பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறோம். துறுதுறு பிள்ளையை நாளெல்லாம் "உட்காரு, தொடாதே, போடா" என்கிறோம். அமெரிக்காவில் கொலராடோவில் தத்துப்பிள்ளைகளைப் பார்த்தபோது, பெற்ற தாயிடம் சமூக விரோதப் போக்கு இருந்த பிள்ளைகளுக்கு, வளர்க்கும் பெற்றோரிடமிருந்து கூடுதல் கண்டிப்பும் சிடுசிடுப்பும் கிடைத்தன. ரத்த சம்பந்தமே இல்லாதவர்கள்! பிள்ளையின் இயல்பே தன் சூழலை இழுத்துக்கொண்டு வருகிறது.

"அடியாத மாடு படியாது" என்கிறார்களே?

அடி உடனே வேலை செய்வதுபோலத் தெரியும். அதுதான் அதன் ஆபத்து. இதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மாலை ஆறு மணி, தெருமுனைப் பெட்டிக்கடை. சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிள்ளை காட்டுகிறது. "வேணாம், இப்பதான சாப்ட்டே." சிணுங்கல். "வேணாம்னு சொன்னேன்ல." பிள்ளை தரையில் உட்காருகிறது. "எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க." கத்தல், காலை உதைத்தல். "அஞ்சு ரூபாதானம்மா, குடுத்துடுங்க" என்கிறார் கடைக்காரர். பாக்கெட் கைக்கு வந்ததும் அழுகை நிற்கிறது.

இங்கே இரண்டு பேர் பாடம் படித்தார்கள். சிணுங்கினால் போதாது, உதைத்தால் கிடைக்கும் என்று பிள்ளை படித்தது. கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று தாய் படித்தார். மறுநாள் தாய் பொறுக்காமல் ஓங்கி ஒன்று வைக்கிறார், பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்பது மூன்றாவது பாடம். நாளுக்கு நாள் இரு பக்கமும் சுருதி ஏறும். அமெரிக்காவில் ஆரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் வீடு வீடாகப் போய்க் கவனித்து, இதை வற்புறுத்தல் சுழல் என்று விவரித்தார். பிறவியிலேயே சட்டென்று சூடாகும் பிள்ளை இந்தச் சுழலில் மற்றவர்களைவிட அடிக்கடி விழும். மரபும் சூழலும் சந்திக்கும் இடம் இந்தப் பெட்டிக்கடை வாசல்தான்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1,116 இரட்டையர் சோடிகளைப் பார்த்த ஆய்வு இன்னொன்றைப் பிரித்துக் காட்டியது. சாதாரண அடி வாங்குவதில் பிள்ளையின் மரபுக்கு 25 சதவீதம் பங்கு. காயப்படும்படியான கொடுமைக்கு வெறும் 7. அதாவது "அவன் செய்யுற வேலைக்கு" என்று ஓர் அடி விழலாம், ஆனால் கொடுமைக்குப் பிள்ளையின் குணம் காரணமாகாது. அது பெரியவரின் செயல். பள்ளியில் அடிப்பதை இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

சரி, வீட்டில் என்னதான் செய்வது?

முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்: அடம் தொடங்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு அதற்கு என்ன கிடைத்தது. இந்த மூன்றாவதில்தான் விடை இருக்கும்.

பிறகு தினமும் 10 நிமிடம் பிள்ளையோடு விளையாட்டு. செல்போன் வேறு அறையில். விளையாட்டை நடத்துவது பிள்ளை; நீங்கள் கேள்வி கேட்கக் கூடாது, சொல்லித்தரக் கூடாது, திருத்தக் கூடாது. "சிவப்புக் கட்டையை மேல வச்சுட்டே" என்று நடப்பதைச் சொன்னால் போதும். அன்றைக்குச் சேட்டை செய்தான் என்று இதைத் தண்டனையாக நிறுத்திவிடாதீர்கள்.

பாராட்டு குறிப்பாக இருக்கட்டும். "சமத்து" என்பதைவிட, "தங்கச்சி பொம்மையை எடுத்தப்ப நீ அடிக்காம என்கிட்ட வந்து சொன்னே" என்பது பலமடங்கு வேலை செய்யும். கட்டளையை அடுப்படியிலிருந்து கத்தாமல், கிட்டப் போய், கண்மட்டத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு வேலையாகச் சொல்லுங்கள். ஐந்து விநாடி பேசாமல் நில்லுங்கள். செய்தால் உடனே பாராட்டு. செய்யாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை, அதன்பின் சொன்ன விளைவு. 3 முதல் 8 வயதுக்கு, வயதுக்கு ஒரு நிமிடம் வீதம், கண்ணில் படும் இடத்தில் தனியே உட்காரவைக்கலாம். அறையில் அடைக்கக் கூடாது.

தவறுவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில். சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கியதும் அது முதலில் கூடும். இதுவரை கிடைத்தது கிடைக்கவில்லையே என்று பிள்ளை இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கிறது. "இது நம்ம பிள்ளைக்கு ஒத்துவராது" என்று அந்த உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், அடுத்த முறை அந்த உச்சத்திலிருந்தே அடம் தொடங்கும். இன்னொரு ஓட்டை தாத்தா பாட்டி. அம்மா மறுத்ததைப் பின்கட்டில் பாட்டி கொடுத்தால் எல்லாம் கரைந்துவிடும். பெரியவர்களை விலக்காமல், எந்த இரண்டு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சு என்று முதல் நாளே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தவர் வலியே உறைக்காத பிள்ளைகள் உண்டா?

சிலர் உண்டு. 7 வயது இரட்டையரை வைத்து எஸ்ஸி வைடிங் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரக்கமும் குற்றவுணர்வும் குறைந்த பிள்ளைகளின் முரட்டு நடத்தையில் மரபின் பங்கு 81 சதவீதம். மற்ற முரட்டுப் பிள்ளைகளில் 30. இப்படிப்பட்டவர்களைத் தண்டனை அவ்வளவாகத் தொடுவதில்லை. பாராட்டும் பரிசும் தொடுகின்றன. 561 தத்துக் குடும்பங்களைப் பார்த்த அமெரிக்க ஆய்வில், பெற்ற தாய் வழியாக இந்தச் சாய்வு பிள்ளைக்கு வந்தது உண்மை. ஆனால் வளர்க்கும் தாய் பிள்ளையின் நல்ல செயலை அடிக்கடி கொண்டாடிய வீடுகளில் அந்தச் சாய்வு தலைதூக்கவில்லை.

சிறுவயதில் ஆதரவின்றிக் கிடந்த பிள்ளை தேறுமா?

ருமேனிய அனாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் குழு வளர்ந்து ஆளாகும்வரை தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குக் கவனக்குறைவும் உறவுச் சிக்கலும் வாலிபத்திலும் நீடித்தன. அவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் சிக்கல் தென்படவில்லை. எவ்வளவு சீக்கிரம் ஒரு வீடு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

மருந்து தேவைப்படுமா?

வெறும் அடத்துக்கு மருந்தில்லை. ஏடிஹெச்டி உறுதியானால், 6 வயதுக்குக் கீழே பெற்றோர் பயிற்சிதான் முதலில். அதற்கு மேல் மெத்தில்ஃபெனிடேட் நன்கு பரிசோதிக்கப்பட்ட மருந்து. பசியையும் தூக்கத்தையும் குறைக்கலாம், அதனால் உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் முறையாகப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள்.

யாரிடம் போவது?

முதலில் குழந்தை மருத்துவர்: காது, கண், தூக்கம், ரத்தசோகை, தைராய்டு. தமிழ்நாட்டில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் 18 வயதுவரை இலவசமாகப் பார்க்கிறார்கள். போகும்போது அந்த நோட்டையும், வகுப்பாசிரியர் எழுதிய ஒரு பக்கத்தையும் கொண்டுபோங்கள். 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவிக்கு 1926.

தீ வைத்தல், விலங்குகளை வதைத்தல், ஆயுதம் எடுத்தல், தன்னையே காயப்படுத்துதல், நன்றாக இருந்த பிள்ளை சில வாரங்களில் திடீரென்று மாறிப்போதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். திடீர் மாற்றத்துக்குப் பின்னால் யாரோ பிள்ளையைத் துன்புறுத்துவது இருக்கலாம். அப்போது பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, கோபப்படாமல் கேளுங்கள், சொன்னதை நம்புங்கள். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 என்ற குழந்தைகள் உதவி எண்கள் இரவிலும் எடுக்கப்படும்.